பால்கனி கேபினில் வரும் சின்னச் சின்னத் தொல்லைகள்: காரணமும் கைவைத்தியமும்

#1 · உப்புக்காற்று

பயணக் கப்பலில் பால்கனி கேபின் எடுப்பதா வேண்டாமா என்பதற்கு இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் இருக்கின்றன. இது அதற்கானது அல்ல. எடுத்தாகிவிட்டது, பெட்டியையும் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வரும் சில்லறைத் தொந்தரவுகளைப் பற்றியது. கதவு படீரென்று அறைவது, ஏசி திடீரென்று நிற்பது, நடுராத்திரியில் எங்கிருந்தோ டொக் டொக்கென்று கேட்பது, காலையில் நாற்காலி சொதசொதவென்று இருப்பது. காரணம் தெரிந்துவிட்டால் இவற்றில் பாதிக்கு மேல் நாமே சரிசெய்துகொள்ளலாம். சொந்த அனுபவக் கதைகளுக்கு வேறு இழை இருப்பதால், இங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம் என்பதை மட்டும் எழுதுவோம்.

கதவிலிருந்து தொடங்குகிறேன். முக்கால்வாசித் தொல்லைக்கு மூலம் அதுதான்.

கப்பல் 20 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் ஓடினால், காற்றே இல்லாத நாளிலும் அதன் பக்கவாட்டை உரசிக்கொண்டு மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓடும். எதிரே 20 நாட் காற்றும் வீசினால் 74 கிலோமீட்டர். உள்ளே ஏசி அமைப்பு கேபினையும் நடைவழியையும் தனி அழுத்தத்தில் வைத்திருக்கிறது. பால்கனிக் கதவு திறந்திருக்கும் நேரத்தில் யாராவது நடைவழிக் கதவையும் திறந்தால் அந்த வேறுபாடு கண்ணிமைக்கும் நேரத்தில் சமனாகப் பார்க்கும். மேசையில் இருக்கும் தாள் பறக்கும், திரைச்சீலை வெளியே இழுபடும், கதவு அறையும். நடைவழிக் கதவு தீத்தடுப்புக் கதவு என்பதால் கனமானது, தானாக மூடிக்கொள்ளும் வகை. அதோடு காற்றும் சேர்ந்து தள்ளினால் விரல் நசுங்கும்.

எனவே ஒரு நேரத்தில் ஒரு கதவு. வெளியே போகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பால்கனியில் இருப்பவர் கதவைச் சாத்திய பிறகுதான் நடைவழிக் கதவைத் திறக்க வேண்டும். ஸ்டூவர்ட் (கேபினைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்) தட்டினாலும் இதே வரிசை. குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்: கதவைக் கைப்பிடியைப் பிடித்துத்தான் சாத்த வேண்டும், விளிம்பிலோ கீல் பக்கத்திலோ கை வைக்கக் கூடாது.

அடுத்தது விசில் சத்தம். கதவைச் சாத்தியும் "ஊய்" என்று கேட்டால், பெரும்பாலும் கைப்பிடி கடைசிவரை திரும்பவில்லை என்று பொருள். இழுக்கும் கதவோ தள்ளும் கதவோ, கைப்பிடியை முழுதாகத் திருப்பினால்தான் கதவு ரப்பர் பட்டையில் அழுந்தும். முழுதாகத் திருப்பியும் நிற்காவிட்டால் தாள் சோதனை செய்யுங்கள்: இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தாளைக் கிழித்து, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவைப் பூட்டி, தாளை இழுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று நுழைவது அங்கேதான். மேல் மூலை இரண்டையும் முதலில் பாருங்கள், பட்டை பெரும்பாலும் அங்கேதான் பிரிந்திருக்கும். "கதவில் சத்தம் வருகிறது" என்று பொதுவாகச் சொல்லாமல் "கீல் பக்கம் மேல் மூலையில் பட்டை எழும்பியிருக்கிறது" என்று சொன்னால் பராமரிப்பு ஆள் சரியான பொருளோடு வருவார்.

#2 · நங்கூரம்

நல்ல தொடக்கம் அண்ணா. ஏசி பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் வரவேற்பு மேசைக்குப் போகும் புகார்களில் பல உண்மையில் புகாரே அல்ல.

பல கப்பல்களில் பால்கனிக் கதவில் ஒரு காந்தமும், எதிரே சட்டத்தில் காந்தத்தால் இயங்கும் சின்ன சுவிட்சும் இருக்கும். கதவு விலகியதும் குளிர்க்காற்று நிற்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்தியதும் உடனே திரும்ப வராது. சில நிமிடங்கள் பிடிக்கும். பத்து நிமிடம் ஆகியும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி. கதவு சாத்தினாற்போலத் தெரியும், ஆனால் காந்தம் சுவிட்சுக்கு எதிரே வந்திருக்காது. ஒருமுறை முழுதாகத் திறந்து, கீழ்த் தண்டவாளத்தில் மணலோ செருப்பு நுனியோ துணி ஓரமோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

ஏன் இப்படி நிறுத்துகிறார்கள் என்றால், ஈரப்பதம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீர்த்துளியாக மாறும். கேபின் 22 டிகிரியில் இருந்தால் சுவர், கண்ணாடி, கூரையில் உள்ள காற்றுத் திறப்பு எல்லாமே அந்த அளவுக்குக் கீழேதான். கதவை அரை மணி திறந்து வைத்தால் கூரைத் திறப்பிலிருந்து கட்டில் மேல் சொட்டும், குளியலறை வாசலில் தரை வழுக்கும், மறுநாள் கம்பளத்தில் ஊறல் வாசனை வரும். "கூரை ஒழுகுகிறது" என்று பதறுகிறவர்கள் முதலில் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று யோசிக்கலாம். கதவைச் சாத்திய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டினால் அது வேறு பிரச்சினை, உடனே சொல்லிவிடுங்கள்.

கேமராவுக்கும் இதே கணக்கு. குளிர்ந்த கேபினிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனதும் லென்ஸ் பனிமூட்டம் போட்டுக்கொள்ளும். துடைத்தால் திரும்பத் திரும்ப வரும், சூடேறும்வரை நிற்காது. ஜிப் பையில் போட்டு மூடி, படம் எடுப்பதற்கு 20 முதல் 30 நிமிடம் முன்பே பால்கனியில் நிழலில் வைத்துவிடுங்கள். நீர்த்துளி பையின் வெளிப்புறம் படியும், லென்ஸ் தப்பிக்கும்.

#3 · சுக்கான்

அந்த சுவிட்சின் மேல் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் ஏசி ஓடும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். செய்யலாமா?

#4 · நங்கூரம்

வேண்டாம் தம்பி. ஏசி ஓட ஓட, வெளியிலிருந்து ஈரக்காற்றை உறிஞ்சி அதிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன சொட்டல் இன்னும் சீக்கிரம் வரும். பல கப்பல்களில் ஒரு பகுதியில் இருக்கும் கேபின்கள் எல்லாம் ஒரே பெரிய கருவியிலிருந்துதான் குளிர்க்காற்று வாங்குகின்றன. ஒரு கேபின் கடலைக் குளிர்வித்துக்கொண்டிருந்தால் பக்கத்துக் கேபின்காரருக்குக் குறையும். அலை ஓசை கேட்டுக்கொண்டு தூங்க ஆசை என்றால் வெப்பநிலை வெளியிலும் 20, 22 என்று இருக்கும் வழித்தடத்தில் ஏசியை அணைத்துவிட்டுத் திறந்து வைக்கலாம், கதவைக் கொக்கியில் மாட்டிவிட்டு. வெப்பமண்டலக் கடலில் அதற்கு இடமில்லை.

#5 · கலங்கரை

சத்தத்துக்கு வருகிறேன். பால்கனி கேபினில் கேட்கும் சத்தம் இரண்டு வகை. ஒன்று கப்பல் அசையும்போது மட்டும் கேட்பது. இன்னொன்று எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் கேட்பது. எந்த வகை என்று தெரிந்தால் தேடுவது எளிது.

அசைவில் கேட்பது: "டக்… டக்…" என்று இடைவெளி விட்டு வரும். முதல் சந்தேகம் அலமாரியில் தொங்கும் காலி ஹேங்கர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளி, ஒரு துண்டை மடித்து நடுவில் செருகினால் நிற்கும். அடுத்தது இழுப்பறைகள், பிறகு குளியலறை அலமாரியில் கண்ணாடித் தம்ளர். இவை எதுவும் இல்லையென்றால் சத்தம் வெளியே இருக்கிறது. உங்கள் பால்கனிக்கும் பக்கத்துப் பால்கனிக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, பல கப்பல்களில் கீல் வைத்த கதவு மாதிரிதான். அடுத்தடுத்த கேபின் எடுத்த குடும்பங்களுக்காகத் திறந்துவிடுவார்கள். பூட்டின் நாக்கு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் தட்டும். உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் அதுதான். தற்காலிகத்துக்கு அட்டையை நான்காக மடித்துக் கீழ் இடுக்கில் இறுக்கமாகச் செருகலாம், காற்றில் பறக்காத அளவுக்கு இறுக்கமாக. மறுநாள் ஸ்டூவர்டிடம் சொன்னால் சாவி போட்டு இறுக்கிவிடுவார்கள். தடுப்பை நீங்களே திருப்புளி போட்டு அசைக்க முயல வேண்டாம்.

எஞ்சின் வேகத்தில் கேட்பது: "கிர்ர்" என்று தொடர்ச்சியாக வரும். கூரைப் பலகை, விளக்கு வளையம், ஏசி திறப்பின் சல்லடை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே ஒட்டும் காகிதத் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு ஒட்டி வையுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பராமரிப்பு ஆள் பகலில் வருவார், அப்போது கப்பல் துறைமுகத்தில் நிற்கும், சத்தமே இருக்காது. அடையாளம் இருந்தால் அவர் தேட வேண்டியதில்லை.

நாற்காலி. இது அண்டை வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்கும் தொல்லை. கீழே இருப்பவரின் கூரைதான் நம்முடைய தரை. நாற்காலியை இழுத்தால் அவருக்கு நெஞ்சில் இழுத்த மாதிரி கேட்கும். தூக்கி வையுங்கள். பலத்த காற்று வரும் இரவுகளில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி, கேபின் சுவரோரமாகத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டூவர்ட் வந்து செய்யாவிட்டால் நாமே செய்யலாம்.

#6 · பாய்மரம்

மேலே எழுதியது எல்லாம் ஏறிய பிறகு. இடத்தைச் சரியாகப் பார்த்து எடுத்தால் பாதித் தொல்லை வராமலே போகும். டெக் (கப்பலின் மாடி) வரைபடத்தில் நம் டெக்கை மட்டும் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. மேல் டெக்கும் கீழ் டெக்கும் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மேலே நீச்சல் குளமோ பஃபே கூடமோ இருந்தால் விடிகாலையிலேயே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அந்த டெக் பால்கனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெயிலே விழாது. நிழல் பிடிக்கிறவர்களுக்கு அது வசதி, வானம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஏமாற்றம். கீழே அரங்கம், மதுக்கூடம் இருந்தால் இசையின் கனத்த தாழ்ந்த ஓசை தரை வழியாக ஏறும். வரைபடத்தில் வெறும் வெள்ளைக் கட்டமாகக் காட்டியிருக்கும் இடம் பணியாளர் பகுதி, சரக்கு வண்டி உருளும் வழி, சமையலறை என்று எதுவாகவும் இருக்கலாம். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் டெக்தான் பாதுகாப்பான தேர்வு. இரண்டு கேபின்களுக்கு நடுவில் இணைப்புக் கதவு இருந்தால் வரைபடத்தில் சின்னக் குறி போட்டிருப்பார்கள்; அந்தக் கதவு சுவரைப் போலச் சத்தத்தைத் தடுக்காது.

உயிர்காப்புப் படகுக்கு நேர் மேலே இருக்கும் பால்கனிகளில் எட்டிப் பார்த்தால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிறக் கூரை தெரியும். தொடுவானம் தெரியும், கப்பலை ஒட்டிய நீர் தெரியாது. கப்பல் துறையில் கட்டாமல் நங்கூரமிட்டு, பயணிகளைப் படகில் கரைக்குக் கொண்டுபோகும் ஊர்களில் அந்தப் படகுகளை இறக்கும் ஓசை காலையிலேயே தொடங்கிவிடும்.

கீழ் டெக்குகளில் சில கப்பல்களில் பால்கனியின் முன்புறம் கண்ணாடி இல்லை, எஃகுச் சுவர். நின்றால் கடல், உட்கார்ந்தால் சுவர். முன்பதிவுப் பக்கத்தில் இதை எழுதமாட்டார்கள். கப்பலின் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முன்பக்கக் கேபின்: காற்று அதிகம், அசைவு அதிகம், நங்கூரச் சங்கிலி இறங்கும் காலைகளில் அலாரம் தேவைப்படாது. கீழ் டெக் என்றால் துறைமுகத்தில் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் முன்புற உந்திகள் ஓடும் அதிர்வும் சேரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூடுபனியில் ஓடும் இயந்திரக் கப்பல் 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல் கொடுத்தே ஆக வேண்டும். சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 35ஆம் விதி இது. நீண்ட ஊதல் என்றால் 4 முதல் 6 நொடி. இரவு முழுக்கப் பனி என்றால் இரவு முழுக்க ஊதல். யாரிடம் சொன்னாலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. காது அடைப்பான் எடுத்துப் போங்கள்.

பின்பக்கக் கேபின் எனக்குப் பிடித்தது. காற்று மறைவு, கப்பல் விட்டுச்செல்லும் நுரைத்தடம், அகலமான பால்கனி.

#7 · உப்புக்காற்று

பாய்மரம், பின்பக்கத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். புகைபோக்கிக் கரி. காற்று பின்னாலிருந்து வந்தாலோ கப்பல் மெதுவாகப் போனாலோ நாற்காலி, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றிலும் கறுப்புப் பொடி படியும். அதைத் துடைக்கிறேன் என்று ஈரத் துணியால் தேய்த்தால் எண்ணெய்க் கறையாகப் பரவி வெள்ளைத் துணிக்கு ஏறிவிடும். முதலில் உலர்ந்த காகிதத்தால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு சோப்பு நீர். அப்புறம் பின்பக்கப் பால்கனிகள் பல கப்பல்களில் படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருக்கும். கீழ்ப் பால்கனியின் பாதி மேலேயிருந்து தெரியும். கப்பலை ஓட்டும் உந்தியின் அதிர்வும் அங்கேதான் அதிகம்.

#8 · பாய்மரம்

ஏற்கிறேன். ஆனால் மேல் டெக்குகளில் அதிர்வு நன்றாகக் குறைந்துவிடும். அசைவுக்கு ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் நடுப்பகுதி, கீழிருந்து மூன்றாவது நான்காவது பயணிகள் டெக். மற்றபடி கரியைத் துடைத்துக்கொண்டாவது பின்பக்கம்தான் என் தேர்வு.

#9 · வடமீன்

வெயில் பற்றி யாரும் எழுதவில்லையே. பால்கனிக்குக் கொடுக்கும் காசு வெயிலின் திசையைப் பொறுத்து வீணாகலாம்.

வெப்பமண்டலத்துக்கு வடக்கே இருக்கும் கடல்களில் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும். கப்பல் கிழக்கு நோக்கிப் போனால் வலப்பக்கம் வெயில், மேற்கு நோக்கிப் போனால் இடப்பக்கம். வடக்கு நோக்கிப் போனால் வலப்பக்கத்துக்குக் காலை வெயில், இடப்பக்கத்துக்கு மாலை வெயில். தெற்கே போகும்போது இது மாறும். போய்த் திரும்பும் பயணம் என்றால் இரண்டு பக்கமும் சமம்; ஒருவழிப் பயணத்தில்தான் யோசிக்க வேண்டும். கடற்கரையைப் பார்ப்பதற்கும் இதே கணக்கு: நார்வேக் கரையோரம் வடக்கே ஏறும்போது நிலம் வலப்பக்கம், இறங்கும்போது இடப்பக்கம். ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல்) நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் மலை.

துறைமுகத்தில் எந்தப் பக்கம் கரையை ஒட்டும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. துறை, காற்று, நீரோட்டம் பார்த்துக் கேப்டனும் துறைமுக வழிகாட்டியும் முடிவெடுப்பார்கள். இரட்டைப்படை எண் இந்தப் பக்கம் என்ற கணக்கும் எல்லாக் கப்பலுக்கும் பொருந்தாது. வரைபடத்தில் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் வலம் சொல்ல வேண்டும்.

#10 · சுக்கான்

பக்கத்துப் பால்கனியிலிருந்து சிகரெட் புகை வந்தால்? தடுப்பு இருந்தும் வருகிறதே.

#11 · கலங்கரை

தடுப்பு கூரைவரையும் கம்பிவரையும் முழுதாக மூடாது. பக்கவாட்டில் இடைவெளி இருக்கும், காற்று அங்கே சுழன்று உள்ளே வரும். பெரும்பாலான நிறுவனங்களில் இப்போது பால்கனியில் புகைக்கத் தடை. நேரில் தட்டிச் சண்டை போட வேண்டாம். கேபின் எண்ணைச் சொல்லி வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அபராதம் போடுவார்கள்.

இதை நாகரிகப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. 2006 மார்ச் 23 அன்று ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. பிளாஸ்டிக் தடுப்புகளும் நாற்காலிகளும் எரிந்து, தீ பால்கனி பால்கனியாகத் தாவியது. புகையால் ஒரு பயணி இறந்தார். அதற்குப் பிறகுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிகளில் கேபின் பால்கனிகளையும் சேர்த்தார்கள். 2008 ஜூலை 1 முதல் நடைமுறை: நாற்காலி மேசை எளிதில் தீப்பற்றாத வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பால்கனிக்கே தீயறியும் கருவியும் நீர்த்தெளிப்பும் வேண்டும்.

துணி காயப்போடக் கூடாது என்பதற்கும் தீ ஒரு காரணம், இன்னொன்று காற்று. கம்பியில் துண்டைப் போட்டால் காற்று எடுத்துப்போய்க் கீழ்ப் பால்கனியில் வீசும், அல்லது கடலில். கடலுக்குள் குப்பை எதுவும் விழக் கூடாது என்பது, கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் 5ஆம் இணைப்பு. பிளாஸ்டிக்கை உலகின் எந்தக் கடலிலும் போட அனுமதி இல்லை. ஈர உடையைக் குளியலறையில் இருக்கும் இழுப்புக் கயிற்றில் போடுங்கள். முதலில் உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்துவிட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும்.

#12 · வடமீன்

காந்தக் கொக்கி எடுத்துப் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பால்கனியில் ஒட்டுமா?

#13 · நங்கூரம்

கேபினுக்குள் ஒட்டும். சுவரும் கூரையும் பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடு, நடுவில் கனிமப் பஞ்சு. தொப்பி, பை, அனுமதி அட்டை எல்லாம் தொங்கவிடலாம். பால்கனித் தடுப்பு பல கப்பல்களில் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் பலகை, அங்கே நிற்காது. ஒட்டினாலும் வெளியே தொங்கவிடாதீர்கள், கடலில்தான் போகும்.

அந்தக் கொக்கிக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. திரைச்சீலைகள் நடுவில் சேராமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும், விடிகாலை வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும். மேலிருந்து கீழாக மூன்று துணிக் கவ்விகள் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஓரத்தில் சுவரை ஒட்டிய இடைவெளிக்குக் காந்தக் கொக்கியால் சீலையைச் சுவரோடு சேர்த்து அழுத்தினால் போதும்.

திரையை மூடுவது இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். முன்புறம் பார்த்த கேபின்களில் இருட்டியதும் திரையை மூடச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். நம் விளக்கொளி மேலே கப்பலை ஓட்டுகிறவர்களின் இருட்டுப் பார்வையைக் கெடுக்கும். அதைத் தவறாமல் செய்யுங்கள்.

#14 · நீலத்திமிங்கிலம்

குழந்தைகளோடு போகிறோம். கம்பி உயரம், கதவுப் பூட்டு பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்.

#15 · உப்புக்காற்று

அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களுக்கு 2010இல் வந்த கப்பல் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி குறைந்தது 42 அங்குலம், அதாவது 1.07 மீட்டர். நேராக நிற்கும் குழந்தைக்கு அது போதும். ஆபத்து கம்பியில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. நாற்காலியும் சின்ன மேசையும் கம்பியோரம் இருந்தால் குழந்தைக்கு ஏணி கிடைத்த மாதிரி. முதல் வேலையாக எல்லாவற்றையும் கேபின் சுவரோரமாக நகர்த்துங்கள். மேசையை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்று ஸ்டூவர்டிடம் கேளுங்கள், எடுத்துக்கொண்டே போய்விடுவார்.

கதவின் மேற்பகுதியில் பெரியவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டால் பொருத்தித் தருவார்கள் என்று எல்லாக் கப்பலிலும் எதிர்பார்க்க முடியாது, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வாசற்படி தரையிலிருந்து உயர்ந்திருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. இருட்டில் கால் விரல் இடிபடும் இடம் அதுதான். வெள்ளை நிறத் துண்டு ஒன்றை உள்பக்கம் படியோரம் விரித்து வைத்தால் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று: உள்ளே இருப்பவர் பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டால் வெளியே இருப்பவர் மாட்டிக்கொள்வார். காற்றிலும் எஞ்சின் ஓசையிலும் தட்டுவது கேட்காது. தாழ்ப்பாள் போடும் முன் பால்கனியை எட்டிப் பார்ப்பதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்குங்கள்.

#16 · கலங்கரை

தனிமை பற்றியும் ஒரு வார்த்தை. பால்கனி மறைவான இடம் என்று நினைக்க வேண்டாம். கப்பலை ஓட்டும் அறையின் இரண்டு இறக்கைகளும் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அங்கிருந்து கப்பலின் முழுப் பக்கமும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுகிறார்கள். துறைமுகத்தில் எதிரே இன்னொரு கப்பல் வந்து நின்றால் இரண்டு பக்கப் பால்கனிகளும் நேருக்கு நேர். பேச்சும் அப்படித்தான்: தடுப்புக்கு அந்தப்புறம் மெல்லப் பேசினாலும் கேட்கும்.

#17 · பாய்மரம்

ஈரமும் உப்பும் விட்டுப்போயின. காலையில் நாற்காலி ஈரமாக இருப்பதற்கு மழை தேவையில்லை. இரவில் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படியும், அதோடு உப்புத் தூவானம். பழைய துண்டு ஒன்றைப் பால்கனிக்கென்றே ஸ்டூவர்டிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும் துண்டை எடுத்தால் அதிலேயே உப்பு ஏறிவிடும். பால்கனிக் கண்ணாடியில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்புப் பரல் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி உப்பைக் கரைத்து எடுங்கள், பிறகு நுண்ணிழைத் துணியால் மேலிருந்து கீழாக ஒரே திசையில்.

கப்பல் துறையில் நிற்கும் காலைகளில் பணியாளர்கள் மேல் டெக்கிலிருந்து கழுவிக்கொண்டே வருவதும் உண்டு. முந்தைய நாள் இரவு வைக்கும் அறிவிப்பில் இருக்கும், படிக்காமல் விட்டுவிடுவோம். செருப்பு, புத்தகம், நீச்சலுடை எதையும் இரவு வெளியே விடாதீர்கள்.

#18 · சுக்கான்

திறந்த பால்கனியே இல்லாமல் கண்ணாடி பாதியாக இறங்கும் வகை இருக்கிறதே, அதில் இந்தத் தொல்லைகள் குறையுமா?

#19 · நங்கூரம்

சில குறையும், சில புதிதாக வரும். 2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலில் பார்த்த அமைப்பு அது. பொத்தானை அழுத்தினால் மேல் பாதிக் கண்ணாடி கீழே இறங்கும், கேபினுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் மடிப்புக் கதவு. அறை பெரிதாகத் தெரியும், வாசற்படி இடிக்காது, நாற்காலி நனைவதும் குறைவு. ஆனால் காற்று பலமாக இருந்தால் கப்பலை ஓட்டும் அறையிலிருந்தே கண்ணாடியைப் பூட்டிவிடுவார்கள். நீங்கள் விரும்பியபோது திறக்க முடியாது. கண்ணாடி இறங்கியிருக்கும்போது ஏசி நிற்கும் கணக்கு இங்கேயும் உண்டு, மடிப்புக் கதவைச் சாத்தினால்தான் உள்ளே குளிரும். கூரைக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்குகிற உணர்வு வேண்டும் என்றால் பழைய வகைதான்.

உள்நோக்கிய பால்கனியும் இருக்கிறது. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில் தோட்டத்தையும் நடைபாதையையும் பார்த்தபடி கட்டினார்கள். உப்பும் காற்றும் கிடையாது. ஆனால் பெரும்பாலும் கடலும் தெரியாது, இரவு நிகழ்ச்சி முடியும்வரை ஓசை ஓயாது. எதிர்ப்புறப் பால்கனிகள் நேரே உங்களைப் பார்த்தபடி இருக்கும்.

#20 · நீலத்திமிங்கிலம்

கடைசியாக ஒன்று. கம்பியில் கிளாம்ப் மாட்டி ஃபோனையோ கேமராவையோ வைத்து சூரிய உதயத்தைப் படம் பிடிக்கலாமா?

#21 · வடமீன்

கம்பியில் எதையும் மாட்ட வேண்டாம். கப்பல் ஓடும்போது கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும், படம் மங்கலாகத்தான் வரும். அதிர்வில் கிளாம்ப் தளர்ந்தால் கீழே நிற்கிறவர் தலையில் விழும். உயரம் குறைந்த மூன்றுகால் தாங்கியைத் தரையில், கம்பியிலிருந்து ஒரு முழம் உள்ளே வையுங்கள். கால்களுக்கு அடியில் மடித்த துண்டு போட்டால் அதிர்வு பாதி குறையும். கண்ணாடித் தடுப்பு வழியாக எடுப்பதென்றால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், ஆனால் ஒட்ட வைக்காதீர்கள், அதிர்வு ஏறும். அருகே கொண்டுபோனால் பிரதிபலிப்பு விழாது. கேபின் விளக்கை அணைத்துத் திரையை மூடிவிடுங்கள். கையில் பிடித்து எடுப்பதென்றால் ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையை மணிக்கட்டில் மாட்டிய பிறகே கம்பிப் பக்கம் போங்கள்.